பட்டம் துறந்த நீதிபதி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாநகரில் சுப்பிரமணியம் என்னும் பெயர் தாங்கிய பெருமக்கள் மூவர் ஒரே காலத்தில் புகழுடன் விளங்கினர். ஒருவர், 'இந்து' இதழைத் தோற்றுவித்தோருள் முதல்வரும் 'சுதேசமித்திர'னை நிறுவியவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர். மற்றொருவர், கவிஞர் சுப்பிரமணிய பாரதியார். மூன்றாமவர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். பெயர் ஒப்புமையால் இவருள் ஒருவரை மற்றொருவராகக் கருதி மயங்குவார் இன்றும் உளர். நண்பரும் நகரமக்களும் இம்மூன்றாமவரை மணி ஐயர் என்றே அழைத்து வந்தமையால், இங்கும் அப்பெயரே வழங்கப்பெறும்.

மணி ஐயர் 1842ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளில் மதுரைப் பகுதியில் பிறந்தார். அவருடைய தந்தையார் இராமநாதபுரம் ஜமீனின் வழக்குகளைக் கவனித்து வந்தவர். மைந்தருக்கு இரண்டு வயது நிரம்பிய அளவிலேயே தந்தையார் இறந்துபட்டார். மதுரையிலே பள்ளிக்கல்வியை முடித்த மணி ஐயர், அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் அமர்ந்தார். பகலெல்லாம் பிறர் எழுதிய தாள்களைப் படியெடுத்து, எஞ்சிய பொழுதிலே சட்ட நூல்களைத் தாமே பயின்றார். தேர்வுகள் ஒவ்வொன்றாக எழுதித் தேறி, 1869ஆம் ஆண்டு முதல் மதுரையில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பின்னர், 1885ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அவ்வாண்டின் இறுதியிலேதான் பம்பாயில் இந்திய தேசியக் காங்கிரசின் முதற்கூட்டம் நடைபெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அங்குச் சென்று கூடிய எழுபத்திருவருள் மணி ஐயரும் ஒருவர். ஆயினும், அக்காலத்துக் காங்கிரசு ஆங்கில அரசை எதிர்த்த அமைப்பன்று. விண்ணப்பம் செய்து குறைகளைத் தீர்த்துக்கொள்ள விழைந்தோரின் அவையே அது. ஆகவே, காங்கிரசில் இருந்தவரை அரசாங்கம் ஐயுறவில்லை. 1888ஆம் ஆண்டில் அவர் அரசாங்க வழக்கறிஞராக அமர்த்தப்பெற்றார். அதுவரை இந்தியர் எவருக்கும் கிட்டாத பதவி அது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நிலையான நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியரான முத்துசாமி ஐயர் 1895ஆம் ஆண்டில் மறைந்தபோது, அவ்விடம் மணி ஐயருக்கு வந்தது. தலைமை நீதிபதி விடுப்பில் இருந்த காலங்களில் அப்பொறுப்பையும் அவர் ஏற்று நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய முதல் இந்தியரும் அவரே. 'திவான் பகதூர்' என்ற பட்டமும், 1900ஆம் ஆண்டில் 'சர்' என்னும் சிறப்பும் அவருக்கு வழங்கப்பெற்றன. எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கிய ஓர் இந்தியர் அந்நாளில் அடையக்கூடிய உயர்வுகள் இவை. இவற்றிற்கு மேல் அவர் விரும்பத்தக்கது ஒன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை.

1907ஆம் ஆண்டில் நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற மணி ஐயர், மயிலாப்பூர்க் கடற்கரையை அடுத்த தம் இல்லத்தில் சமய நூல் ஆராய்ச்சியிலும் அறப்பணியிலும் ஈடுபட்டு வாழ்ந்தார். அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவிலுள்ள அடையாற்றில், ஆற்றங்கரைச் சோலையினிடையே பிரம்மஞான சபையின் தலைமையகம் அமைந்திருந்தது. அச்சபையின் தலைவராக அதே 1907ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் அன்னி பெசண்டு அம்மையார். இலண்டனில் பிறந்து, அங்கே தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்று, 1893ஆம் ஆண்டில் இந்தியா வந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். அம்மையாரும் அக்டோபர் முதல் நாளில் பிறந்தவரே. மணி ஐயருக்கு ஐந்தாண்டு இளையவர். சமயத்துறையில் தொடங்கிய இவ்விருவர் நட்பு, நாளடைவில் அரசியலிலும் ஒன்றாயிற்று.

1914ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. போரைக் காரணங்காட்டி, 1915ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய அரசாங்கம் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் மாகாண அரசுகளுக்குப் புதியதோர் ஆற்றலைத் தந்தன. ஒருவர் நாட்டின் அமைதிக்கு ஊறு செய்யக்கூடும் என்று அரசு ஐயுற்றால் போதும். அவரை ஓரூரில் தங்குக என்றோ, ஓரூரைவிட்டு நீங்குக என்றோ ஆணையிடலாம். அவர் செய்த குற்றம் இன்னதெனக் கூறவேண்டுவதில்லை. சான்று காட்டவேண்டுவதில்லை. நீதிமன்றத்தின்முன் நிறுத்தவேண்டுவதுமில்லை. இத்தகைய முறை இந்நாட்டிற்கு முற்றிலும் புதிதன்று. வங்காளத்தில் 1818ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குவிதியும், சென்னை மாகாணத்தில் 1819ஆம் ஆண்டின் இரண்டாம் ஒழுங்குவிதியும் விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தந்தன. 1907ஆம் ஆண்டில் லாலா லஜபதி ராய் மாண்டலேக்குக் கொண்டுபோகப்பட்டது அப்பழைய விதியின் துணைகொண்டே. எனினும், போர்க்காலச் சட்டம் வந்த பிறகு இது பெருவழக்காயிற்று. வங்காளத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான இளைஞர் இவ்வாறு வைக்கப்பட்டனர். மௌலானா முகமது அலி, சௌகத் அலி என்னும் உடன்பிறந்தார் இருவரும் அவ்வாறே காவலில் இருந்தனர்.

ஒரு குற்றவழக்கு நடைபெறும் முறையை எண்ணினால், இதன் கொடுமை நன்கு விளங்கும். திருடன் என்று பிடிக்கப்பட்டவனுக்குங்கூட, அவன்மீது சாட்டப்படும் குற்றம் இன்னதென்று படித்துக்காட்டப்படும். சாட்சி கூறுவோர் அவன் கண்ணெதிரே நின்று கூறவேண்டும். அவர்களை அவன் சார்பில் குறுக்குக் கேள்விகள் கேட்கலாம். பின்னரே நீதிபதி முடிவு கூறுவார்; அம்முடிவிலும் குறை கண்டால் மேல்மன்றம் செல்லலாம். ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம், முதலில் வழக்கறிஞர் இருக்கையிலும் பின்னர் நீதிபதி பீடத்திலும் அமர்ந்து மணி ஐயர் கண்டுவந்த முறை இதுவே. திருடனுக்குக் கிடைத்த இவ்வுரிமை, நாட்டுக்கு ஆட்சியுரிமை கேட்டவருக்குக் கிடைக்காமற் போனதைத் தம் முதுமையிலே அவர் காண நேர்ந்தது.

பெசண்டு அம்மையார் 1914ஆம் ஆண்டில் ஒரு நாளிதழை வாங்கி, அதற்கு 'நியூ இந்தியா' எனப் பெயர் சூட்டி நடத்தி வந்தார். இந்தியர் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்னும் கருத்தை அவ்விதழ் நாள்தோறும் வற்புறுத்தியது. அச்சுச் சட்டத்தின்படி 1916ஆம் ஆண்டில் அரசாங்கம் 2,000 ரூபாய் பிணைத்தொகை கேட்டுப் பெற்று, சில திங்களில் அதனைப் பறிமுதல் செய்தது. மீண்டும் 10,000 ரூபாய் கேட்டது. அதனையும் கட்டிவிட்டு அம்மையார் தொடர்ந்து எழுதினார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் தன்னாட்சிக் கழகம் தோன்றியது. ஹோம்ரூல் லீக் என்று அக்காலத்தார் வழங்கியது இதனையே. அம்மையார் தலைவர், கௌரவத் தலைவர் மணி ஐயர். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், அதுவும் அரசு தந்த பட்டங்களைத் தாங்கியவர், அக்கழகத்தில் முதன்மை ஏற்றமை ஆள்வோர்க்குப் பெரிதும் உறுத்தலாயிற்று.

1917ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை ஆளுநர் லார்டு பெண்ட்லண்டு, தன்னாட்சிக் கிளர்ச்சிக்கு எதிராகச் சட்டசபையில் எச்சரிக்கை விடுத்தார். ஜூன் மாத நடுவில் ஆணை பிறந்தது. பெசண்டு அம்மையாரும், அவருடன் பணியாற்றிய ஜார்ஜ் அருண்டேலும், பி. பி. வாடியாவும் சென்னையைவிட்டு நீங்கவேண்டும், அரசு குறித்த சில இடங்களுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு அங்கேயே தங்கவேண்டும், கூட்டங்களில் பேசலாகாது, எழுதி வெளியிடலாகாது, அவர்தம் கடிதங்களும் தணிக்கைக்கு உட்படும். ஆளுநர் அம்மையாரை நேரிற் கண்டும் பேசினார். தாம் எக்குற்றத்திற்காக இவ்வாறு வைக்கப்படுவதாக அம்மையார் வினவினார். அதுபற்றிப் பேசுவதற்கில்லை என்று ஆளுநர் மறுத்துவிட்டார். குற்றம் இன்னதென்று தெரிந்தாலன்றோ ஒருவர் அதனை மறுத்துரைக்க இயலும்?

மூவரும் உதகமண்டலத்தைத் தெரிந்துகொண்டு சென்றனர். அங்கே தாம் தங்கிய இல்லத்தின்மீது அம்மையார் சிவப்பும் பச்சையும் அமைந்த தன்னாட்சிக் கொடியை ஏற்றினார். அறுபத்தொன்பது வயது நிறைந்த அம்மையாரை ஒரு மலையூரில் ஒதுக்கிவிட்டால் கிளர்ச்சி அடங்கும் என்று அரசு கருதியிருக்கவேண்டும். நடந்தது வேறு. ஊர்தோறும் கண்டனக் கூட்டங்கள் கூடின. அதுவரை கழகத்தில் சேராது விலகியிருந்த ஜின்னா முதலியோர் அதில் வந்து சேர்ந்தனர். சென்னையிலோ, கழகத்தின் பொறுப்பு மயிலாப்பூரில் வாழ்ந்த முதியவரின் தோள்மீது விழுந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்துநான்கு.

அவர் செய்தது எவரும் எதிர்பாராத ஒன்று. ஆணை பிறந்து பத்து நாள் கழிவதற்குள், ஜூன் 24ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவர் உட்ரோ வில்சனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அதற்கு இரண்டு திங்கள் முன்னரேதான் அமெரிக்கா போரில் இறங்கியிருந்தது. மக்களாட்சிக்கு உலகில் இடமுண்டாக்கவே போரிடுவதாக வில்சன் அறிவித்திருந்தார். அவ்வாறாயின், அப்போரில் அமெரிக்காவுடன் தோளோடு தோள் நிற்கும் பிரிட்டனின் ஆட்சியில் இந்தியாவின் நிலை யாது என்பதை அவருக்கு உணர்த்துவதே கடிதத்தின் நோக்கம். விசாரணையின்றி அம்மையாரும் மற்றிருவரும் காவலில் வைக்கப்பட்டதனை அக்கடிதம் எடுத்துரைத்தது. நாட்டுப்பற்றை வெளியிட்ட குற்றத்திற்காக ஆயிரக்கணக்கானோர் சிறையில் வாடுவதாகவும், சிறைகளின் நிலை மிக இழிந்ததாகவும் அதில் கூறப்பட்டிருந்தது. தன்னாட்சி தருவதாக உறுதி கூறினால், மூன்று திங்களில் ஐம்பது இலட்சம் வீரரையும், அடுத்த மூன்று திங்களில் மேலும் ஐம்பது இலட்சம் வீரரையும் இந்தியா போர்முனைக்கு அளிக்கும் என்றும் அவர் எழுதியிருந்தார். இக்கணக்கைத் தருவதற்கு அவருக்கு எவரும் உரிமை தரவில்லை என்பதும், நீதிபதியாயிருந்தவர் எடையிட்டு எழுதும் நடையினின்று கடிதம் சிறிது விலகிச் சென்றது என்பதும் மறுத்தற்கில்லை. பீடத்தில் அமர்ந்து தீர்ப்பு எழுதுவது வேறு. நண்பர் காவலில் இருக்க, பத்து நாளுக்குள் எழுதுவது வேறு.

கடிதத்தைத் தபாலில் விடுத்தால் அது தணிக்கையாளர் கையில் சிக்கும். ஆதலால், அடையாற்றில் தங்கியிருந்து தம் நாட்டுக்குத் திரும்பிய ஹாட்ச்னர் என்னும் அமெரிக்கர் ஒருவரும் அவர் மனைவியாரும் அதனைக் கையோடு எடுத்துச் சென்றனர். கடல்கள் பல கடந்து அஃது அமெரிக்காவை அடைந்தது. அங்கே அச்சிடப்பெற்றுப் பலர் கைக்கும் சென்றது.

இதனிடையே இங்கிலாந்தில் மாண்டேகு என்பவர் இந்தியா மந்திரியானார். ஆட்சியில் இந்தியர்க்குப் படிப்படியாகப் பொறுப்பு அளிக்கப்படும் என்று ஆகஸ்டு 20ஆம் நாள் அவர் அறிவித்தார். அவ்வறிவிப்புக்குப் பின்னர் அம்மையாரைக் காவலில் வைத்திருப்பது பொருந்தாதாயிற்று. செப்டம்பர் மாதத்தில் மூவரும் விடுவிக்கப்பட்டனர். எக்காரணத்தால் பிடித்தனரோ அது கூறப்படாதது போலவே, எக்குற்றம் நீங்கியதால் விடுத்தனர் என்பதும் கூறப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பர் மாதம் கல்கத்தாவில் கூடிய காங்கிரசுக்குப் பெசண்டு அம்மையாரே தலைமை தாங்கினார். உடன் இருந்த வாடியா, மறு ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். இந்தியாவின் தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் தவறாது குறிப்பிடும் சங்கம் அது.

மூவர்க்கும் காவல் நீங்கியது. மணி ஐயரின் சோதனை அதன் பின்னரே தொடங்கியது.

1917ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாண்டேகுவும் வைசிராய் செம்ஸ்போர்டும் சென்னைக்கு வந்தனர். அவர்களைக் காணச் சென்ற மணி ஐயரை, அமெரிக்காவுக்கு எழுதிய கடிதத்தின் பொருட்டு வைசிராய் கடிந்துகொண்டார். மறு ஆண்டு அக்கடிதம் இங்கிலாந்திலும் பரவவே, பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. மாண்டேகு அங்கே அதனைக் கடுஞ்சொற்களால் பழித்தார். உயர்ந்த பதவிகளில் இருந்தவர் எழுதினார் என்பதாலேயே அதன் தவறு மிகுதியாகும் என்பது அவர் கருத்து. அரசின் ஊதியத்தையும் பட்டத்தையும் பெற்றவர் அரசைக் குறைகூறி அயல்நாட்டுக்கு முறையிடுவதோ என்று ஆங்கில இதழ்கள் சினந்தன. இந்நாட்டிலும், தன்னாட்சி கேட்பதில் தவறில்லை, அயலாரிடம் முறையிட்டதே தவறு என்று கருதியோர் இருந்தனர்.

மணி ஐயர் கடிதத்தை மறுக்கவில்லை. பிறர்மேல் பழிபோட்டுத் தப்பவும் முயலவில்லை. எழுதியவர் தாமே என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, எழுதிய சூழலை விளக்கினார்: அம்மையாரும் துணைவரும் காரணமின்றிக் காவலில் இருந்த வேளையிலே, அவர்களை விடுவிக்கும் பொருட்டு எழுதப்பட்டது அது. அதில் சட்டத்துக்குப் புறம்பான செயல் ஏதேனும் இருப்பின் வழக்குத் தொடுக்க அரசுக்கு வழியுண்டு. அதனை விடுத்து, அவர் மறுமொழி கூற இயலாத மன்றத்தில் அமைச்சர் அவரைப் பழித்துரைத்தார். எவ்வழக்கிலும் இருதரப்பையும் கேட்டே முடிவு கூறியவருக்கு, தம்மைக் கேளாமலே தம்மேல் முடிவு கூறப்பட்டது. ஆகவே, இவ்வாறு இகழ்ந்த அரசின் சிறப்புகளைத் தாங்கியிருத்தல் தமக்குத் தகாது எனத் துணிந்தார். 1918ஆம் ஆண்டில், 'சர்' பட்டத்தையும் 'திவான் பகதூர்' பட்டத்தையும் துறப்பதாகச் சென்னை அரசாங்கத்திற்கு எழுதிவிட்டார். பஞ்சாபில் நிகழ்ந்த படுகொலையைக் கண்டு இரவீந்திரநாத தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தது 1919ஆம் ஆண்டில். மணி ஐயர் அதற்கு முந்திய ஆண்டிலேயே துறந்துவிட்டார்.

பட்டம் துறத்தல் இன்றுள்ளார்க்குச் சிறிய செயலாகத் தோன்றலாம். அந்நாளில் அஃது அவ்வாறன்று. பட்டம் பெற்றவர் ஆளுநர் அவையில் அமரும் இடம், அரசு விழாக்களில் அவருக்குச் செய்யப்பெறும் மரியாதை, அவர்தம் குடும்பத்தார்க்குச் சமூகத்தில் இருந்த மதிப்பு ஆகிய யாவும் அதனோடு பிணைந்திருந்தன. பட்டத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோரும், அது கிட்டாமையால் மனம் நைந்தோரும் பலர். மணி ஐயரோ பதினெட்டு ஆண்டுகள் தம் பெயரோடு ஒட்டியிருந்த எழுத்துகளை ஒரு கடிதத்தால் நீக்கிக்கொண்டார்.

அவர் வெறுத்த முறையோ நீங்கவில்லை. போர் முடிந்தவுடன் பாதுகாப்புச் சட்டம் காலாவதியாகும் என்பதால், அதற்கு மாற்றாக ஒரு சட்டம் வேண்டுமா என ஆராய, நீதிபதி ரௌலட்டு தலைமையில் 1917ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவில் இடம்பெற்ற இந்தியருள் ஒருவர், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி. வி. குமாரசாமி சாஸ்திரியார். மணி ஐயர் முன்பு அமர்ந்திருந்த அதே மன்றத்திலிருந்து சென்றவர், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் ஆற்றல் அமைதிக்காலத்திலும் அரசுக்கு வேண்டும் என்ற பரிந்துரையில் ஒப்பமிட்டார். கற்றறிந்த இருவர் ஒரே சட்டநூலைப் படித்து இருவேறு முடிவுக்கு வந்தனர் என்றே கொள்ளல் வேண்டும்.

அப்பரிந்துரை 1919ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சட்டமாயிற்று. அச்செய்தி வந்தபோது காந்தியடிகள் சென்னையில், கதீட்ரல் சாலையில் இராஜாஜி குடியிருந்த இல்லத்தில் தங்கியிருந்தார். நாடெங்கும் ஒரு நாள் வேலையை நிறுத்தி நோன்பிருக்கலாம் என்னும் எண்ணம் அங்கேதான், ஒரு விடியற்போதில், அவருக்கு உதித்தது. மணி ஐயரின் மயிலாப்பூருக்கு அது மிக அணித்தான இடம். அச்சட்டம் 1922ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. எனினும், விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பும் 22ஆம் உறுப்பில், சில வரம்புகளுடன், தடுப்புக் காவலுக்கு இடந்தந்துள்ளது. சென்னை மாகாணத்தில் அவ்வாறு வைக்கப்பட்ட ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கு, 1950ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின்முன் வந்த முதல் வழக்குகளுள் ஒன்றாகும். தடுப்புக் காவற் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்றே அம்மன்றம் அன்று முடிவு கூறியது. இரு சாராரும் அன்று எடுத்துரைத்த காரணங்கள் இன்றும் நீதிமன்றங்களில் கேட்கப்படுகின்றன.

பட்டம் துறந்த பின்னர் மணி ஐயர் அரசியலில் முன்னணியில் நிற்கவில்லை. முதுமை மேலிட, பெரும்பொழுதைச் சமய நூல்களிலும் தியானத்திலும் கழித்தார். பெசண்டு அம்மையாரும் காந்தியடிகளும் வழிமுறையில் வேறுபட்டுப் பிரிந்த காலம் அது. தன்னாட்சிக் கழகமும் வலிமை குன்றியது. 1924ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் ஐந்தாம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில், அவர் உலக வாழ்வை நீத்தார்.

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் காண்பர். அதன் வளாகத்தில் விக்டோரியா அரசியாரின் சிலை இருக்கிறது. அதே வளாகத்தில், அவ்வரசியார் பெயரால் நடந்த ஆட்சியில் நீதி வழங்கி, அவ்வாட்சி தந்த பட்டங்களைத் திருப்பிக் கொடுத்த மணி ஐயரின் சிலையும் நிற்கிறது.